ஐயாவின் தொண்டையும் என் உத்தியோகமும்

என்னைப் பெற்ற ஐயாவைப் பார்த்துக்கொள்ள நான் மாதச் சம்பளம் வாங்கினேன் என்பது உண்மைதான். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் அதை என்னிடம் நேரே கேட்டவர்களும் உண்டு; எனக்குக் கேட்கும்படி வேலிக்கு அப்பால் நின்று கதைத்தவர்களும் உண்டு. துண்டு துண்டாய்ப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஐயாவின் நோய் ஒருவாறு அடங்கி எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருப்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருகிற யாருக்காவது இது உதவலாம். விழுங்குவது எவ்வளவு பெரிய வித்தை என்று ஒருவருக்காவது விளங்கினால் எனக்குச் சந்தோஷம். இருபது வயதுவரை அது தெரியாமல்தான் நான் மூன்று நேரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு, நட்ட புகையிலைக் கன்றுகள் வேர் பிடித்து நிமிர்ந்திருந்த நேரம். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். சும்மா காத்திருக்க என்னால் முடியாது. சுன்னாகத்தில் ஒரு ரியூட்டரியில் சின்ன வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். அம்மா இல்லை. அண்ணை மேற்கு ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டில் ஐயாவும் நானும்தான்.

ஒரு நாள் காலை இறைப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பாத்தி நிரம்பி வரம்புக்கு மேலால் வழியத் தொடங்கியது. ஐயா அப்படி விடுகிறவர் அல்ல. ஓடிப்போய்ப் பார்த்தேன். வரம்பில் இருந்தபடி தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

"என்னய்யா செய்யுது?"

அவர் ஏதோ சொன்னார். அது சொல்லாக வரவில்லை.

பக்கத்துத் தோட்டக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஏ-40 கார் ஒன்றைப் பிடித்துவர, யாழ்ப்பாணப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாட்டில் இருந்த டொக்டர் இளம் பெண். தலைக்குள் படம் பிடிக்கிற இயந்திரம் எதுவும் அங்கே கிடையாது. அவர் கையை அழுத்தச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு சட்டைப்பையிலிருந்து பூட்டுத் திறப்பு ஒன்றை எடுத்து ஐயாவின் உள்ளங்காலில் குதியிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார். இடது காலில் விரல்கள் கீழே மடிந்தன. வலது காலில் பெருவிரல் மட்டும் மெதுவாக மேலே எழும்பியது.

"பாத்தீரோ? பிறந்த பிள்ளையளுக்கு இப்பிடித்தான் மேலை எழும்பும். வளர வளர மூளை அதை அடக்கிப்போடும். இப்ப அடக்கிற இடத்துக்கு இரத்தம் போகேல்லை."

பாரிசவாதம். மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டிருக்கிறது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வது அந்தப் பக்கம்தான். அந்தப் பயத்திலும் மனதின் ஒரு மூலையில், ஒரு திறப்பை வைத்து ஒரு மண்டைக்குள் பார்த்துவிட்டாரே என்ற வியப்பு. அடுத்த நாள் வெளியில் ஒரு தாயிடம் கேட்டு அவளுடைய கைக்குழந்தையின் உள்ளங்காலில் விரலால் இழுத்துப் பார்த்தேன். பெருவிரல் மேலே போனது. தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இனித்தான் தொண்டைக் கதை. எங்கள் பகுதியில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதில்லை. கொண்டுபோனதை வைத்துவிட்டு வருவதும் இல்லை. தன் கையால் ஒரு மிடறாவது பருக்கிவிட்டு வந்தால்தான் பார்த்ததாக அர்த்தம். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வாட்டுக்குள் பிளாஸ்க்குகளின் ஊர்வலம் வரும். கோப்பி, மல்லித்தண்ணி, இரசம், இளநீர். முதல் ஆளாக வந்தவர் பறுவதம் மாமி, ஐயாவின் ஒரே தங்கச்சி. அண்ணன் என்றால் மாமிக்கு உயிர். கோப்பியை ஆற்றி ஆற்றி ஐயாவுக்குப் பருக்கினார். ஐயாவுக்குப் புரைக்கேறி இருமல் வந்தது. "ஆரோ நினைக்கினம்" என்று மாமி உச்சியில் தட்டினார். நானும் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் கொதித்தது. நெஞ்சு கறகறவென்றது. எக்ஸ்றேப் படத்தை டொக்டர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பக்கத்தில் வெள்ளையாய் ஒரு மேகம்.

"வயித்துக்குப் போகவேண்டியது நெஞ்சுக்கை போயிருக்கு. அதாலை வந்த நியூமோனியா. இந்த முறை ஊசி மருந்துக்கு அடங்கும். இன்னொருக்கா இப்பிடி வந்தால், இந்த வயசிலை, நான் ஒண்டும் சொல்லேலாது."

அவர் விளங்கப்படுத்தியதை இங்கே எழுதுகிறேன். தொண்டையில் இரண்டு வழிகள். பின்னால் சாப்பாட்டு வழி, முன்னால் மூச்சு வழி. விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்ப, ஒரு சின்ன மூடி மூச்சு வழியை மூடிக்கொள்கிறது. ரியூட்டரியில் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறிய படம்தான். ஆனால் அந்த மூடி நேரம் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை; நானும் யோசித்ததில்லை. ஐயாவின் மூடி இப்போது நேரம் தவறி மூடுகிறது. தண்ணீர்போல ஓடுகிற எதுவும் அது மூடுமுன் உள்ளே இறங்கிவிடும். வலது பக்கத்து மூச்சுக் குழாய் நேராக இறங்குவதால் வலது நுரையீரலுக்குத்தான் அடி. கூழ்போலத் தடிப்பானது மெதுவாக இறங்கும். மூடிக்கு அவகாசம் கிடைக்கும். எனக்கு இது கணக்கு ஒன்று விடை வந்ததுபோல இருந்தது.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு குழாயை எடுத்துவிட்டு, குரக்கன் கூழும் மசித்த பப்பாப்பழமும் சின்னக் கரண்டியால் கொடுக்கலாம், ஒவ்வொரு கரண்டிக்கும் பிறகு நாடியை நெஞ்சைத் தொடும்படி தாழ்த்தி விழுங்கப் பண்ணவேண்டும் என்றார் டொக்டர். தண்ணீரோ கோப்பியோ ஒரு சொட்டும் கூடாது, தான் சொல்லும்வரை.

"நேர்ஸ்மாருக்கு இத்தனை கட்டிலிலை ஒராளுக்குப் பக்கத்திலை நிக்கேலாது. முழுநேரமும் நிக்க ஆர் இருக்கினம்?"

நான்தான் இருந்தேன். ரியூட்டரியும் இருந்தது. வெளியில் வாங்கும் மருந்துக்கும் பால்மாவுக்கும் கார்க்காரருக்கும் அந்தச் சம்பளத்தில்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டினத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்கக்கூடிய ஒரு கடையிலிருந்து ரெலிபோனில் அண்ணையை எடுத்தேன்.

"ரியூட்டரியை விடு. அவை தாறதை நான் மாதம் மாதம் அனுப்பிறன். நீ ஐயாவோடை நில்" என்றார்.

"ஐயாவைப் பார்க்க எனக்குச் சம்பளமோ?"

"பின்னை? வெளியாள் ஒருத்தரைப் பிடிச்சால் குடுக்கமாட்டமே? இஞ்சை என்ரை முதலாளியம்மா தாயைப் பார்க்கத் தன்ரை தங்கச்சிக்குக் குடுக்கிறா. தங்கச்சி வாங்கி எண்ணிப் பார்க்கிறா. பேந்து ரெண்டு பேரும் இருந்து கோப்பி குடிக்கினம்."

"எண்ணிப் பார்க்கிறாவோ?"

"ஓமடா. நீயும் எண்ணிப் பார். வை ரெலிபோனை, காசு ஓடுது."

அந்தத் தங்கச்சியை நான் பல நாள் நினைத்துக்கொண்டேன். எண்ணும்போது அவளுடைய முகம் எப்படி இருக்கும்? தாய் பார்த்துக்கொண்டிருப்பாளா?

மாமியிடம் விஷயத்தைச் சொன்னது என் அவசரப் புத்தி. வாட்டு முழுக்கக் கேட்டது.

"பெத்த தேப்பனைப் பார்க்கக் கூலியோ? உன்ரை கொம்மா இருந்திருந்தால் நாண்டுகொண்டு செத்திருப்பா."

"மாமி, நான் ரியூட்டரியை விட்டுட்டெல்லோ நிக்கிறன்."

"விடு. ஆர் வேண்டாம் எண்டது? காசு வாங்காமல் விடு."

"அப்ப கார்க்காரருக்கு?"

மாமி ஐயாவின் அழுக்குச் சாரங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவை தோய்த்து, காய்ந்து, மடிப்புக் குலையாமல் வந்தன. எத்தனை கோபம் என்றாலும் அது ஒரு நாளும் தவறவில்லை. ஊரில் பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் புகையிலைக்கும் சேர்த்து இறைக்கிறார் என்ற செய்தியும் மாமி வழியாகத்தான் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் குருநகரைச் சேர்ந்த மரியதாஸ் சம்மாட்டியார், இரண்டு வள்ளம் வைத்திருந்த பெரிய மனிதர், சலரோகம் என்கிற சீனி வியாதியில் கால் புண்ணாகி வந்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என்ரை மூண்டு பெடியளுக்கும் சொல்லு, சம்பளம் தாறன், ஒருத்தன் வந்து நில்லுங்கோடா எண்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கூழ் இறங்கியது. ஆனால் தாகம் அடங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவேன். ஐயா அந்தப் பஞ்சை உறிஞ்சப் பார்ப்பார். பிறகு கண்ணால் வாட்டு மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டுவார், திரும்ப என்னைப் பார்ப்பார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்த மனிதர். நான் அவருடைய பாஷையிலேயே சொன்னேன்.

"ஐயா, நீங்கள் வாய்க்காலைக் கட்டி அடுத்த பாத்திக்குத் திருப்ப முதல் தண்ணி பாய்ஞ்சு போகுது. மண்வெட்டி பிந்துது. அவ்வளவுதான்."

விளங்கியது என்று தலையாட்டினார். பிறகும் குடத்தைத்தான் பார்த்தார்.

மாமிக்காகத் தொண்டையின் படத்தைக் கடதாசியில் பெரிதாகக் கீறிக்கொண்டுவந்தேன். மாமி அதை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"உதென்ன, மாட்டுத் தொண்டையோ?"

"மனிசற்றை மாமி. இஞ்சை பாருங்கோ, இதுதான் மூடி. தண்ணி வேகமாய் வந்தால் மூடாது."

"அப்ப நான் மெல்ல மெல்லமாய்ப் பருக்கிறன்."

"மெல்லமாயும் கூடாது."

"நாவறண்டு கிடக்கிறார் என்ரை அண்ணர். நீ படம் கீறிக்கொண்டு இருக்கிறாய்."

மாமி அழுதார். எனக்கும் மனம் கரைந்தது. எங்களில் ஒரு சொந்தக்காரர் இன்னொரு சொந்தக்காரரின் கையைத் தட்டிவிட முடியாது. அதுவும் இளையவன் மூத்தவரின் கையை. டொக்டர் சொன்னார் என்றால், "டொக்டர் சொல்லுவினம்தானே" என்பார்கள். படம், பேச்சு, கெஞ்சல் எல்லாம் தோற்றன. நான் முகம் கழுவப் போய்வரும் நேரத்தில் யாராவது ஒரு மிடறு ஊற்றினால் போதும், அந்த வெள்ளை மேகம் திரும்பி வரும்.

மறுநாள் மாமி மல்லித்தண்ணியோடு வந்தார். மூடியைத் திருகி ஊற்றி, ஐயாவின் தலைக்குக் கீழே கையும் கொடுத்துவிட்டார். ஐயா வாயைத் திறந்தார். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மாமி, குடுத்தியளெண்டால் என்ரை வேலை போயிடும்!"

பிளாஸ்க் மூடி அந்தரத்தில் நின்றது.

"என்னது?"

"அண்ணை கண்டிப்பாய்ச் சொல்லிப்போட்டார். டொக்டர் சொன்னதுக்கு மாறாய் ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் சம்பளம் நிப்பாட்டு. பேந்து வேறை ஆளைப் பிடிப்பாராம்."

அண்ணை அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாமி என்னைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், மல்லித்தண்ணியைப் பார்த்தார். மாமா வேலை பறிபோய் வீட்டில் இருந்த வருடங்களை மாமி எப்படிக் கழித்தார் என்று ஊருக்கே தெரியும். மெதுவாக அதைப் பிளாஸ்க்குக்குள் திரும்ப ஊற்றி இறுக்கி மூடினார்.

"உனக்குக் கிடைச்ச வேலையை நான் கெடுக்கேலுமே, மோனை" என்றார்.

கூலி என்று ஏசிய அதே வாய். அன்பையும் விஞ்ஞானத்தையும் தட்டிவிட்டவர்கள், உத்தியோகம் என்றதும் கை கட்டி நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவனுடைய மனதை நோகடிக்கலாம், மானத்தை வாங்கலாம். வேலையில் மட்டும் கை வைக்கக்கூடாது.

அன்றிலிருந்து மாமியே காவல். வாசலில் நின்று வருகிறவர்களை மறிப்பார்.

"பாக்கலாம், கதைக்கலாம். பருக்கிறது மட்டும் ஏலாது. பெடியன்ரை உத்தியோகம் போயிடும்."

"என்ன உத்தியோகமணை?"

"என்ரை அண்ணரைப் பார்க்கிற உத்தியோகம். ஜேர்மனியிலையிருந்து சம்பளம் வருது."

வந்தவர்கள் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சங்கடமாக இருப்பார்கள். திரும்பக் கொண்டுபோவதும் மரியாதை இல்லை. அதனால் கோப்பி எனக்கும், நேர்ஸ்மாருக்கும், சுற்றியிருந்த கட்டில்களுக்கும் போனது. சீனி போட்டதால் சம்மாட்டியாருக்கு மட்டும் கிடையாது. "எல்லாருக்கும் விருந்து, எனக்கு மணம் மட்டும்" என்று அவர் பெருமூச்சு விடுவார். ஆமி இருந்த கோட்டைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டுப் பார்வையாளர்கள் வராத நாட்களில் வாட்டே கோப்பி இல்லாமல் வாடியது.

அண்ணையிடம் அடுத்த முறை சொன்னபோது, "நான் எப்பயடா அப்பிடிச் சொன்னனான்? ஊர் என்னை என்னெண்டு நினைக்கும்?" என்றார்.

"கல்நெஞ்சுக்காரன் எண்டு நினைக்கும். கொஞ்ச நாளைக்குப் பொறுங்கோ."

ஒரு நாள் பின்னேரம் நான் மருந்து எடுக்கப் போயிருந்தேன். மாமியும் அன்று வரவில்லை. திரும்பி வர, சம்மாட்டியார் படுக்கையில் எழும்பி இருந்து கை காட்டினார்.

"தம்பி, ஓடி வா. உன்ரை ஐயாவோடை படிச்சவராம், மானிப்பாயிலையிருந்து ஒருத்தர் வந்தவர். இளநியோடை. எனக்குப் பாய்ஞ்சு பிடிக்க இந்தக் கால் விடாது. வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தினனான். அவருக்குக் காது கேளாது போலை."

"குடுத்திட்டாரோ?"

"வாய்க்குக் கிட்டக் கொண்டுபோயிட்டார். உன்ரை ஐயா உதட்டை இறுக்கி மூடினார் பார், பூட்டுப் போட்டமாதிரி. மனிசன் எவ்வளவு சொல்லியும் திறக்கேல்லை. இந்தக் கையாலை நீ இருக்கிற கதிரையைக் காட்டிக் காட்டி, இப்பிடி, இப்பிடி, தலையாட்டினார். வந்தவர் கோவிச்சுக்கொண்டு போயிட்டார்."

"ஏன் ஐயா கதிரையைக் காட்டினவர்?"

"உனக்கு விளங்கேல்லையோ? நீ வேலை போயிடும் எண்டு மாமிக்குச் சொல்ல, அவரும் கேட்டுக்கொண்டுதானே கிடந்தவர்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தைக் கண்ணால் காட்டிக் கெஞ்சுவதை அவர் நிறுத்திச் சில நாட்களாகிவிட்டன. உடம்பு பழகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். வாய்க்கால் கதை அவருக்கு விளங்கியது. ஆனால் தாகத்தின் முன்னால் அது நிற்கவில்லை. உயிர்ப் பயமும் நிற்கவில்லை. என் வேலைதான் நின்று பிடித்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் அந்தப் பூட்டுத் திறந்துவிடும். சொல்லவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஒற்றினேன்.

நெஞ்சு தெளிந்து, கூழுக்கு இருமலே வராத ஒரு காலையில் டொக்டர் ஒரு கோப்பைத் தண்ணீரும் கரண்டியுமாக வந்தார்.

"இண்டைக்குத் தண்ணி விட்டுப் பார்ப்பம். இருமினால் நிப்பாட்டித் திரும்பக் கூழ்தான். இருமாட்டிலும் குரலைக் கேக்கவேணும். தண்ணி மூச்சு வழிக்கு மேலை நிண்டால் குரல் ஈரமாய், கொப்பளிக்கிறமாதிரி வரும்."

ஐயாவை நிமிர்த்தி இருத்தினோம். டொக்டர் ஒரு கரண்டித் தண்ணீரை வாயருகே கொண்டுபோனார். ஐயா உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, வாயைத் திறவுங்கோ. தண்ணிதான்."

தலையை மற்றப் பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார்.

"டொக்டரே தாறா ஐயா, குடிக்கலாம்" என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

"என்ன பிரச்சினை?" என்று டொக்டர் கேட்டார். சம்மாட்டியார் தன் கட்டிலிலிருந்து, "பெடியன்ரை உத்தியோகம்" என்றார். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் கட்டிலருகே குனிந்தேன்.

"ஐயா, வேலை போகாது. அண்ணை அப்பிடிச் சொல்லவே இல்லை. மாமியைத் தடுக்கிறதுக்கு நான் சும்மா சொன்னனான். நீங்கள் குடியுங்கோ."

ஐயா என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு வாயின் இடது பக்கம், வேலை செய்கிற பக்கம், கொஞ்சம் மேலே போனது. டொக்டரின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது. நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல்வளை அசையாமல் நின்றது. பிறகு எழும்பியது, நரைத்த தாடி மயிருக்குக் கீழே, முழுதாக எழும்பி, இறங்கியது. சம்மாட்டியார் சிலுவை போட்டுக்கொண்டார். இருமல் வரும் என்று எதிர்பார்த்து நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை.

"இப்ப ஏதாவது கதையுங்கோ ஐயா" என்றார் டொக்டர். "உங்கடை பேரைச் சொல்லுங்கோ."

ஐயா பேரைச் சொல்லவில்லை. இரண்டு உதட்டையும் சிரமப்பட்டுச் சேர்த்தார். இத்தனை நாளும் ஒரு சொல்லுக்காகச் சேராத உதடுகள். என்னைப் பார்த்தபடி, கரகரத்து, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி சொன்னார்.

"புளுகன்."

டொக்டர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"குரலிலை ஈரமே இல்லை" என்று கரண்டியை என்னிடம் நீட்டினார். "நீங்களே குடுங்கோ."